அழகிரி எழுதாமல் விட்ட ஏழு வருஷம்

அழகிரிக்காக நான் முப்பத்தேழு வேலை விண்ணப்பங்கள் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் முப்பத்தாறு குப்பைக்குப் போயின. மற்றவர்களுக்கு அடித்துக் கொடுத்ததும் பாதிக்கு மேல் அங்கேதான் போயிருக்கும், அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை நான். இவன் விஷயம் வேறு. இவனை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

தென்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய ரெமிங்டன் மிஷினைப் போட்டு, 'செல்வமேரி, இங்கு ஆங்கிலத்தில் டைப் அடித்துத் தரப்படும்' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். அவர் காலையில் கிளம்பிப் போனதும் மிஷினின் மூடியைக் கழற்றினால் மத்தியானச் சோறு வரைக்கும் தட்டல்தான். கோர்ட்டு மனு, வாடகை ஒப்பந்தம் என்று எப்போதாவது வரும். முக்கால்வாசி வேலை விண்ணப்பம்தான். அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பிள்ளைகள் எல்லாருக்கும் கிளார்க் வேலை வேண்டும். கிளார்க்கைத் தவிர உலகத்தில் வேறு உத்தியோகமே இல்லை என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

எல்லா விண்ணப்பமும் ஒரே வார்ப்பு. தங்கள் மேலான நிர்வாகத்தின் கீழ் ஓர் இடம் காலியாக இருப்பதாக நம்பத்தகுந்த இடத்திலிருந்து அறிகிறேன் என்று தொடங்கும். நம்பத்தகுந்த இடம் என்பது டீக்கடையில் கிடந்த பேப்பர். அடுத்த பாராவில் வீட்டுக் கஷ்டம். அப்பா நோயாளி, தங்கைகள் மூன்று பேர் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், தம்பி படிப்பை நிறுத்திவிட்டான். கடைசிப் பாராவில், வேலை கொடுத்தால் ஐயா அவர்களின் நீண்ட ஆயுளுக்காகக் குடும்பத்தோடு பிரார்த்தனை செய்வேன் என்று ஒரு வாக்குறுதி. இந்தப் பையனுக்கு என்ன தெரியும், இதுவரைக்கும் என்ன செய்தான் என்பது மட்டும் எங்கே தேடினாலும் இருக்காது. எங்கள் மாதா கோயில் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேல். மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவன் என்று பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கி, அதை ஒரு சிமெண்டுக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பார்கள். சிமெண்டு விற்கிறவனுக்கு இவன் நன்மை வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன?

"வேலை கேக்குறீங்களா, பிச்சை கேக்குறீங்களா?" என்று நான் கேட்காத ஆள் கிடையாது.

"எல்லாரும் இப்படித்தானேங்க எழுதுறாங்க" என்பார்கள். எல்லாருக்கும் வேலை கிடைக்கவில்லையே என்று சொன்னால், அடித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அழகிரி முதலில் வந்தது ஐம்பத்தொன்பதில். மண்ணச்சநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா வீரமலை, கொஞ்சம் நெல் வயல் வைத்திருந்த சம்சாரி. ஒல்லியான பையன். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரைக்கும் போட்டிருப்பான். கையை மேசைமேல் வைக்கவே மாட்டான். வந்தால் செவ்வாய்க்கிழமைதான் வருவான், வேறு கிழமையில் வரமாட்டான்.

"என்ன தம்பி பண்றீங்க இப்ப?" என்று முதல் நாள் கேட்டேன்.

"சும்மாதாங்க்கா இருக்கேன்" என்றான்.

சரி, இன்னொரு சும்மா இருக்கிற பிள்ளை என்று நானும் விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் வருகிறான், சும்மா இருக்கிறவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதானே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மூன்று வருஷம் ஓடியது. ரெவின்யூ ஆபீஸ், கூட்டுறவு சங்கம், ஆஸ்பத்திரி, காலேஜ் ஆபீஸ் என்று எல்லா இடத்துக்கும் கிளார்க் வேலைக்கு எழுதினான். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் மூட்டுவலியும் தங்கையின் கல்யாணமும் அதில் இருந்தாக வேண்டும். தங்கைக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பிறந்த பிறகும் அந்த வரியை எடுக்கவிடவில்லை. எடுத்துவிட்டால் கடிதம் மொட்டையாகத் தெரியுமாம்.

சர்ட்டிபிகேட்டுகளுக்கு உண்மை நகல் அடிப்பதும் நான்தான். மேலே 'ட்ரூ காப்பி' என்று போட்டு, கீழே ஒரு கெசட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆபீசர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருந்தார். கண்டிப்பான ஐயங்கார். காலை ஏழு மணிக்குப் போய் நின்றால், "திருவாராதனம் ஆயிண்டிருக்கு, சித்த இருங்கோ" என்று பூஜை அறையிலிருந்து குரல் வரும். ஒன்பது மணிக்கு வெளியே வந்து, அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். அழகிரி அவர் வீட்டு வாசலில் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு மாதம் தேறும்.

அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரையில் பையன் முகம் கறுத்துவிட்டது. வருகிற ஜூன் முதல் தேதியோடு இருபத்தைந்து வயது முடிகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் ஒன்றரை வயது கூட்டிப் போட்டுவிட்டார் என்று அவன் அம்மா இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டி என்ன செய்ய, புத்தகத்தில் இருப்பதுதான் வயது. அது முடிந்துவிட்டால் சர்க்கார் வேலைக் கதவு மூடிவிடும். தனியார் கம்பெனிகளும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தன.

எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் அப்போது ஒரு புது மில் எழும்பிக்கொண்டிருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றுகிற மில். அதற்குக் கிளார்க் வேண்டும் என்று பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்தான். வழக்கமான மூட்டுவலியோடு முப்பத்தாறாவதை அடித்துக் கொடுத்தேன். என்ன அதிசயமோ, இன்டர்வியூவுக்குக் கார்டு வந்தது. மூன்று வருஷத்தில் முதல் கார்டு. எனக்கே சந்தோஷம், மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

இன்டர்வியூ முடிந்த மறுநாள் வந்தான். முகத்தில் பெருமை.

"எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொன்னேங்க்கா. ஒண்ணே ஒண்ணு வெவகாரமாக் கேட்டாங்க. ஐம்பத்தஞ்சுல பாஸ் பண்ணிருக்கே, இப்ப அறுபத்திரெண்டு, நடுவுல ஏழு வருஷம் என்ன பண்ணேன்னாங்க."

"என்ன சொன்னீங்க?"

"சும்மா இருந்தேன் சார்னு சொன்னேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "ஏழு வருஷம் சும்மா இருந்தவனுக்கு எவன்யா வேலை கொடுப்பான்? ட்யூஷன் எடுத்தேன், அப்பாவோட வயலைப் பார்த்தேன்னு ஏதாவது சொல்லக்கூடாதா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மெதுவாகச் சொன்னான். "நெசமாவே சும்மா இல்லீங்க்கா. மண்ணச்சநல்லூர்ல ஒரு ரைஸ் மில்லுல இருக்கேன். செவ்வாக்கெழமதான் லீவு."

"மில்லுலயா? கணக்கு எழுதுறீங்களா?"

"இல்ல. பாய்லர் பாக்குறேன்."

புழுங்கல் அரிசிக்கு நெல்லை வேக வைக்க ஆவி வேண்டும். உமியைப் போட்டு எரித்து அந்த ஆவியை உண்டாக்கிக் கொடுக்கிற பாய்லரை ஏழு வருஷமாக இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்று வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து தங்கை கல்யாணத்தைச் சொன்னவன் இதைச் சொல்லவில்லை.

"அதுக்கு லைசென்ஸ் மாதிரி ஏதோ வேணுமே? இன்ஸ்பெக்டர் வருவாரே?"

"சர்ட்டிபிகேட்டு இருக்குக்கா. மொதலாளி அம்பத்தெட்டுல மெட்ராசுக்கு அனுப்பிப் பரீட்சை எழுத வச்சாரு. செகண்டு கிளாஸ் பாய்லர் அட்டெண்டர்."

"பாஸா?"

"மொதத் தடவையே" என்றான், ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி.

"அது எங்க இருக்கு?"

"வீட்டுல தகரப் பெட்டிக்கு அடியில."

கோபம் வந்தால் என் வாயில் 'நீங்க' நிற்காது. "ஏன்யா, உனக்கு மூளை இருக்கா? படிச்சுப் பரீட்சை எழுதி வாங்கின சர்ட்டிபிகேட்டைப் பெட்டிக்கு அடியில போட்டுட்டு, உங்கப்பா முட்டி வலியை எனக்கு முப்பத்தாறு தடவை டைப் அடிக்கக் கொடுத்தியே!"

"படிச்ச பய உமி தள்ளுறான்னு ஊரே சிரிக்கும்க்கா. எங்கப்பாரே சொல்லிட்டாரு, எவன் கேட்டாலும் சும்மா இருக்கேன்னு சொல்லு, கரி வேலை பாக்குறேன்னு வாயத் தொறக்காதேன்னு. சும்மா இருந்தாக் கூட வேலை தேடுறான்னு மதிப்பா இருக்கும்."

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவன் கொண்டுவந்த விளம்பரத் துண்டின் அடிப்பக்கம் கோணலாக வெட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் படித்த பேப்பரை நான் அலமாரித் தட்டில் விரிப்பது வழக்கம். டப்பாக்களை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு அந்தத் தாளை உருவினேன். அதே விளம்பரம். கிளார்க் இரண்டு பேர் என்ற வரிக்குக் கீழே, சர்ட்டிபிகேட் உள்ள பாய்லர் அட்டெண்டர் ஒருவர் தேவை, அனுபவம் உள்ளவர்க்கு முன்னுரிமை, மே முப்பத்தொன்றுக்குள் எழுதவும் என்று இருந்தது. சம்பளம் கிளார்க்கைவிடக் கூடுதல். அந்த வரிக்கு மேலே கத்தரிக்கோலை வைத்து வெட்டி எடுத்து வந்திருக்கிறான் மகராசன்.

"இது கண்ணுல படலையா?"

"பட்டுச்சுக்கா. அதான் வெட்டுனேன்."

கடைசித் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அன்றைக்கே சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவரச் சொல்லி அவனைத் துரத்தினேன். மறுநாள் மில்லில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு வந்தான். முப்பத்தேழாவதை நான் அவனிடம் கேட்டுக் கேட்டு அடித்தேன். ஒரே பக்கம். முதல் வரியிலேயே சர்ட்டிபிகேட் நம்பரும் வருஷமும். அடுத்து எந்த மில், எத்தனை வருஷம், என்ன மாதிரி பாய்லர், எந்த எரிபொருள். வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் சோதனை போட்டதில் ஒரு தடவையும் குறை எழுதவில்லை என்பது ஒரு வரி. தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் உடைந்தபோது பாய்லரை நிறுத்தாமலே மாற்றியது ஒரு வரி. அதைச் சொல்லும்போதுதான் சட்டைக் கையை மேலே ஏற்றி, முழங்கை வரைக்கும் இருந்த வெந்த தழும்பைக் காட்டினான். கடைசியில், நேரில் வரச்சொன்னால் எந்த நாளும் வருகிறேன் என்று முடித்தேன். பிரார்த்தனை கிடையாது.

அவன் படித்துப் பார்த்துவிட்டு, "எங்க கஷ்டம் ஒண்ணுமே இதுல இல்லையேக்கா" என்றான்.

"உன் கஷ்டத்தை வச்சு அவங்க ஆவி உண்டாக்க முடியாது. கையெழுத்துப் போடு."

போட்டான். விளக்கெண்ணெய் குடிக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போட்டான். ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பச்சைக் கையெழுத்தும் வாங்கி வந்தான்.

எட்டாம் நாள் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை மேசை நாற்காலிக் கேள்வியெல்லாம் இல்லை. மில்லின் இன்ஜினீயர் அவனை நேரே பாய்லர் அறைக்குக் கூட்டிப் போய், சோதனைக்காக எரியவிட்டிருந்த பாய்லருக்கு முன்னால் நிறுத்தி, "என்ன குறைன்னு சொல்லு" என்றாராம். இவன் அதன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தண்ணீர் ஏற்றுகிற பம்ப் சரியாக இழுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். மே மாதம் முடிவதற்குள் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. பாய்லர் அட்டெண்டர், இரண்டாம் கிரேடு.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவனைப் பற்றி எழுதவே வந்திருக்கமாட்டேன்.

கார்த்திகை மாதம் அந்த ஆர்டரை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தான். பெண் பார்த்திருக்கிறார்கள். முசிறிப் பக்கம், வாழைக்கொல்லை வைத்திருக்கிற பிச்சமுத்து என்பவரின் மகள் வேலம்மாள். ஸ்ரீரங்கம் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தாயிற்று, எல்லாருக்கும் பிடித்தாயிற்று. பெண் வீட்டில் வேலை ஆர்டருக்கு ஒரு நகல் கேட்டார்களாம்.

"நகல்தானே, அடிச்சா போச்சு" என்று காகிதத்தை மிஷினில் சொருகினேன்.

"ஒரே ஒரு எடத்துல மட்டும், அந்தப் பாய்லருன்னு இருக்குல்ல, அங்க கிளார்க்குன்னு போட்டுடுங்கக்கா."

காகிதத்தை வெளியே உருவிவிட்டேன். "வெளிய போ" என்றேன்.

"யாருக்குக்கா தெரியப் போவுது? ட்ரூ காப்பின்னு மேல போட்டுட்டா எவனும் அசலைக் கேக்கமாட்டான். எங்கப்பாரு கிளார்க்குன்னு ஏற்கெனவே சொல்லிப்புட்டாரு."

"மில்லுக்குத் தெரிஞ்சா வேலை போகும். போலி ஆர்டர் பண்ணினான்னு வெளியே தள்ளுவாங்க, அப்புறம் எந்தப் பாய்லர் கிட்டயும் உன்னைச் சேர்க்கமாட்டாங்க. கிளார்க்கைவிட அதிகம் சம்பளம் வாங்குற ஆளு, கிளார்க்குன்னு பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுவியா? ஊரில எல்லாரும் கூட்டித்தான் பொய் சொல்லுவாங்க, நீ குறைச்சுச் சொல்லுறே!"

எழுந்து ஆர்டரை எடுத்துக்கொண்டு போனான். எங்கே போய் அந்த நகலை அடித்துக்கொண்டானோ, தை மாதம் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

அடுத்த ஆடி மாதம் ஒரு மத்தியானம். இருபது வயதுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். கையில் மஞ்சள் பை.

"டைப் அடிக்கிற அக்கா நீங்கதானுங்களா? எங்க வீட்டுக்காரருக்கு நீங்க அடிச்ச பேப்பர்லதான் வேலை கெடச்சுதுன்னு அடிக்கடி சொல்லுவாருங்க. மில்லுல அழகிரின்னு."

உட்காரச் சொன்னேன். வேலம்மாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பத்திரமாகப் பிரித்தாள். ட்ரூ காப்பி. கிளார்க், இரண்டாம் கிரேடு. கீழே பச்சை மைக் கையெழுத்து கிடையாது, எங்கள் ஐயங்கார் அதைப் பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார். மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது.

"மில்லு பெரிய மொதலாளிக்கு ஒரு மனு எழுதணுங்கக்கா. இந்த ஆர்டரையும் கூட வச்சுத் தைச்சு அனுப்பணும்."

"என்ன மனு?"

அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "கிளார்க்குன்னு எடுத்துட்டு அவரைக் கொண்டுபோய் அனல்ல நிறுத்தி வச்சுருக்காங்கக்கா. மேனேசருக்கு அவர்மேல ஏதோ காட்டமாம். வந்த நாள்லேருந்து பாய்லர்லதான் போட்டு வாட்டுறாங்களாம். நாங்க ஸ்ரீரங்கத்துல மேலூர் ரோட்டுல குடியிருக்கோம். எனக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மா மண்டபத்துப் படித்துறையில எறங்கிக் குளிச்சுட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வருவாரு. ஆனா கையில சூடு பட்டா மறைக்க முடியுமா? கேட்டப்பதான் இந்தக் கதையச் சொன்னாரு. ஆறு மாசமா அழுவுறேங்க. இந்த மனுஷன் என்ன பாவம் பண்ணாரு?"

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகுதான் விபரீதம் உறைத்தது. மனுவும் அந்த நகலும் மில்லுக்குப் போனால் என்ன ஆகும்? அவர்கள் பைலில் இருக்கிற அசலோடு வைத்துப் பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் அழகிரி கேட்டுக்கு வெளியே நிற்பான். நான் அடித்துத் தர முடியாது என்று சொன்னால் இந்தப் பெண் அடுத்த தெருவில் வேறு யாரிடமாவது அடித்துக்கொண்டு போய்விடும். வேறு வழி இல்லை, சொல்லிவிட்டேன். ரைஸ் மில்லில் ஏழு வருஷம், மெட்ராஸ் பரீட்சை, வெட்டி எடுத்த விளம்பரம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நகலை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப யாரும் அவரைத் தண்டிக்கலையா?"

"இல்லம்மா. அதுதான் அவர் வேலை. அதுக்குத்தான் சம்பளம்."

"நான் அழுதப்பல்லாம் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாரே!" என்றாள். கோபத்தில் குரல் உடைந்தது. அடுத்த நொடி எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயோ, வேண்டுதல்!"

"என்ன வேண்டுதல்?"

"சமயபுரத்தா கிட்ட வேண்டிக்கிட்டேன்க்கா. எம்புருசனை அந்த அனல்லேருந்து எடுத்துடு தாயே, உனக்கு மூணு வருசம் தீச்சட்டி எடுக்குறேன்னு. எங்கப்பாவும் கூட நின்னாரு. அவ கேட்டதைக் குடுக்குறவ. குடுத்துட்டான்னா? வேலை போயிடுமே!"

இத்தனை வருஷம் எத்தனையோ தப்பான விண்ணப்பம் பார்த்திருக்கிறேன். மாரியம்மனுக்கே தப்பான தகவலோடு ஒரு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, அது எந்த நேரமும் நிறைவேறிவிடும் என்று ஒரு பெண் என் முன்னறையில் பதறி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் வேதக்காரி, இதில் எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சிரிக்க முடியவில்லை.

"திரும்பப் போய்ச் சொல்லிக்கலாம்ல?" என்றேன்.

"நான் சொன்னாப் பத்தாதுங்க. பொய் சொன்னது அவருதானே. அவரு வாயால சொல்லணும். எங்கப்பா மின்னாடியே சொல்லணும்." செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மனுவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

மறுநாளே அழகிரி வந்து நின்றான், உள்ளே வராமல் வாசற்படியிலேயே.

"ஏங்க்கா சொன்னீங்க?"

"சொல்லாட்டி மனு போயிருக்கும். இப்ப நீ மண்ணச்சநல்லூருக்கு நடந்து போயிக்கிட்டு இருப்பே."

"மாமனாரு மொகத்துல எப்படி முழிக்கிறது? ஞாயித்துக்கெழம அவரை வேற சமயபுரத்துக்கு வரச் சொல்லியிருக்கா."

"அன்னிக்கு இன்டர்வியூவுல சும்மா இருந்தேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொன்னியோ, அதே மூஞ்சியை வச்சுக்கிட்டு முழி" என்று மிஷினைத் தட்ட ஆரம்பித்தேன். படியிறங்கிப் போனான். அந்தப் பக்கம் முழுக்கத் தப்பும் தவறுமாக வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வேலம்மாள்தான் வந்து சொன்னாள். ஆடி மாசக் கூட்டம். சமயபுரத்தில் நிற்க இடமில்லை. சன்னதிக்கு முன்னால் போனதும் இவன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்திருக்கிறான்.

"சத்தமாச் சொல்லுங்க, தாயிக்குக் கேக்கணும்" என்று இவள் முதுகில் இடித்திருக்கிறாள்.

மறுபடி முணுமுணுப்பு. பின்னால் இருந்த கூட்டம் தள்ளுகிறது, பூசாரி நகரச் சொல்லிக் கத்துகிறார். இவள் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தியிருக்கிறான்.

"நான் கிளார்க்கு இல்ல தாயே! மில்லுல பாய்லரு பாக்குறேன்! ஏழு வருசம் ரைஸ் மில்லுலயும் அதான் பாத்தேன்! அந்த வேலை எனக்கு நெலைக்கணும்!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். பிச்சமுத்து கோயிலை விட்டு வெளியே வந்து, தேங்காய் மூடியைப் பையில் போட்டு, பஸ் ஏறி உட்காருகிற வரைக்கும் வாய் திறக்கவில்லை. பஸ் கிளம்பிய பிறகு அவர் மருமகன் பக்கம் திரும்பி, "பாய்லருன்னா என்னா மாப்ள? வெடிக்கும்ங்குறாங்களே, நெசமா?" என்று கேட்டாராம்.

"அம்புட்டுதாங்கக்கா" என்று வேலம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவரு கேட்டது ஒரே கேள்வி. இவரு தண்ணி மட்டம்ங்குறாரு, வால்வுங்குறாரு, உமிக்கு ஒரு சத்தம், வெறகுக்கு ஒரு சத்தம்ங்குறாரு. கொள்ளிடம் பாலம் வந்துச்சு, நிறுத்தல. ஸ்ரீரங்கம் வந்துச்சு, நிறுத்தல. எறங்கி வீட்டுக்கு நடந்தப்பவும் அதே பேச்சு. எங்கப்பாரு அன்னிக்கு ஊருக்குப் போகாம தங்கிட்டாரு, மறுநா மில்லு வாசல் வரைக்கும் போயிப் பாத்துட்டுத்தான் போனாரு. எனக்குக் காது வலி எடுத்துருச்சு. தீச்சட்டி எடுக்குறேன்னது எடுக்குறேன்னதுதான், வேலை நெலைக்கட்டும்னு எடுக்கப் போறேன். ஆனா இவரு பேச்சை எப்படி நிறுத்துறது, நீங்களே சொல்லுங்க."

அவள் போன பிறகு வெகு நேரம் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பேச்சையும் இந்தப் பையன் எங்கே வைத்திருந்தான் என்று முதலில் அவன்மேல்தான் எரிச்சல் வந்தது. பிறகு அந்த எரிச்சல் என் பக்கமே திரும்பிவிட்டது. பிச்சமுத்து ஒரு பஸ் பயணத்தில் கேட்டதை நான் மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. சும்மா இருக்கேன் என்று அவன் சொன்னதும், சரி என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன். உங்களுக்கு என்ன தெரியும் தம்பி என்று ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தால் போதும், அன்றைக்கே சொல்லியிருப்பான்.